பிரிண்டரில் மிஞ்சியிருந்த இரண்டரைப் பக்கம்

போன மாதம் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கைப்பேசி அடித்தது. பேசியது ஞானசெல்வியின் தங்கை மகள். “பெரியம்மா போயிட்டாவ, மாமா. தூக்கத்துலயே போயிட்டாவ” என்றாள். அவ்வளவு அடிபட்ட உடம்பு கடைசியில் யாருடைய கையும் படாமல் அடங்கியது என்று கேட்டதும், எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. அவரை அறிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் எண்பதுகளிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன். ஞானசெல்வி ராஜபாளையத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் டைப்பிங் கடை வைத்திருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரு மில் ஆபீஸ் கழித்துப்போட்ட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் வாங்கி, தமிழ் எழுத்துகள் பதிந்த சில்லு ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்து அதற்குள் பொருத்தினார். அதன் பிறகு எங்கள் மனுக்கள் எல்லாம் அங்கேதான் தயாராயின.

பழைய பிரிண்டரும் புது மென்பொருளும் எளிதில் ஒத்துப்போகாத காலம் அது. மென்பொருள் ஏதோ ஒரு பிரிண்டரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத்தை அனுப்பும். மேசையில் இருப்பது வேறொன்றாக இருக்கும். விளைவு, காகிதம் முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும் கோணல் கோடும். மில் ஆபீஸ்களிலும் பஞ்சுக் கடைகளிலும் இப்படி மெஷின் மக்கர் செய்தால், உள்ளங்கையால் நான்கு அறை அறைவதுதான் வழக்கம். அறை சரியாக விழவில்லை என்றால் ஞானசெல்விக்கு ஆள் அனுப்புவார்கள். ஒரு தடவை என் கண் முன்னாலேயே, ஓங்கிய ஒரு மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “அடிச்சா ஓடும்னா, எங்க வீட்டுக்காரர் கையில நான் எப்பவோ நல்லா ஓடியிருக்கணும், சார்” என்றார். மேனேஜர் கையைக் கீழே போட்டுக்கொண்டார்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவர் கணவர் அடிக்கிறவர். கம்ப்யூட்டர் வந்த பிறகு, கழற்றிப் போட்ட கேபிளால் அடிக்கத் தொடங்கினார். முழங்கைக்கு மேலே பட்டை பட்டையாகத் தடம் தெரியும். ஞானசெல்வி சேலையை இழுத்து மூடிக்கொண்டு டைப் அடிப்பார். ஒரு மத்தியானம் கணவர் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் தலைமயிரைப் பற்றினார். சுத்தம் செய்வதற்காகக் கழற்றி வைத்திருந்த பிரிண்டர் உருளை ஞானசெல்வியின் கைக்கு எட்டியது. ரப்பர் போர்த்திய இரும்பு உருளை. ஒரே அடி. தாடை பெயர்ந்து, வாயில் ரத்தத்தோடு அந்த மனிதர் சந்து முனையைத் தாண்டிப் போனார். திரும்ப வரவில்லை. ஞானசெல்வி உருளையைத் துடைத்து மாட்டிவிட்டு, நின்றுபோன வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினார் என்று அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். நான் அந்த மத்தியானம் அங்கே இல்லை.

நான் இருந்த நாளைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

சோழபுரத்து மாடசாமி லாரி ஓட்டுகிறவர். செண்பகத்தோப்புக்கு மேலே மலைக்காட்டில் திருட்டுத்தனமாக மரம் வெட்டி இறக்குகிற கும்பல் ஒன்று அவரை வண்டியோடு வாடகைக்குக் கேட்டது. அவர் மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல், பாரஸ்ட் காவலர்களிடம் போய்ச் சொல்லியும் விட்டார். இரண்டாவது வாரம், பட்டப்பகலில், சேத்தூர் ரோட்டில் பைக்கில் போனவரை மறித்து வெட்டினார்கள். வலது தோள் எலும்பு தெரியத் தொங்கியது. வயிற்றில் இரண்டு வெட்டு. அவர் மனைவி பேச்சியம்மாள் எங்கள் வக்கீலிடம் ஓடி வந்தார். வாக்குமூலம் வாங்க மாஜிஸ்ட்ரேட் வருவதற்குள் உயிர் போய்விடக்கூடும் என்று பயந்த வக்கீல், ஞானசெல்வியைக் கூட்டிக்கொண்டு உடனே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி என்னை அனுப்பினார்.

மாடசாமிக்கு நினைவு தெளிவாக இருந்தது. நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்றார். மாடசாமி சொல்லச் சொல்ல ஞானசெல்வி சுருக்கெழுத்தில் எழுதினார். வெட்டியவர்கள் நான்கு பேர். மூன்று பேரை அவருக்குப் பெயரோடு தெரியும். யார் முதலில் வெட்டினான், எவன் காலை மிதித்துக்கொண்டான், அவர் தண்ணீர் கேட்டபோது எவன் சிரித்தான் என்பது வரை சொன்னார். முடிக்கும்போது, “நான் சொன்னத மாத்திராதீய, தாயி. சொன்ன மாதிரியே எழுதுங்க” என்றார். அச்சடித்து வந்து, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கிக்கொள்கிறோம் என்று ஞானசெல்வி சொல்லிவிட்டு எழுந்தார்.

கடைக்கு வந்து அரைமணி நேரத்தில் மூன்று பக்கம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அச்சுக்குக் கொடுத்தால், முதல் வரியே குப்பை. முந்தின நாள் யாரோ வந்து ஆங்கிலத்தில் விண்ணப்பம் அடிப்பதற்காக மென்பொருளில் வேறொரு பிரிண்டரைத் தேர்ந்து வைத்திருந்தார்கள்; பிரிண்டரின் பின்பக்கத்து மூடிக்குள் இருக்கும் குட்டிச் சுவிட்சுகளையும் தள்ளிவிட்டிருந்தார்கள். ஞானசெல்வி பதறவில்லை. மென்பொருளில் பெயரை மாற்றினார். மூடியைத் திறந்து, பால்பாயின்ட் பேனா முனையால் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, அணைத்துப் போட்டு, ஒரு வரி அடித்துப் பார்த்து, மறுபடி மாற்றினார். மூன்றாம் தடவை தமிழ் வந்தது. இதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து எங்களைப் பின்தொடர்ந்து வந்த ஒருவன், வெட்டிய கும்பலுக்குச் சொல்லிவிட்டான்.

முதல் பக்கம் பாதி இறங்கியிருந்தபோது நான்கு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவன் ஒன்றும் கேட்காமல் அரிவாளின் பின்பக்கத்தால் மானிட்டரை அடித்தான். கண்ணாடி வெடித்து என் சட்டையில் தெறித்தது. இன்னொருவன் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். வாக்குமூலம் பதிந்திருந்த பிளாப்பியை முறித்தார்கள். பிரிண்டரில் இருந்த காகிதத்தை அடியோடு உருவினார்கள். சுருக்கெழுத்து நோட்டை ஒருவன் எடுத்தபோது ஞானசெல்வி பாய்ந்து பிடித்துக்கொண்டார். விடவில்லை. அவர் வலது கையை மேசைமேல் அழுத்தி, அரிவாளைத் திருப்பிப் பிடித்து, விரல்கள்மேல் அடித்தான். ஒரு தடவை இல்லை. சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம்.

அதுவரைக்கும்தான் நான் பார்த்தேன். பின்வாசல் திறந்திருந்தது. நான் ஓடிவிட்டேன்.

சாக்கடை ஓரமாக ஓடி, அடுத்த தெருவில் ஒரு மாவு மில்லுக்குள் புகுந்து, மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யாரையும் கூப்பிடவில்லை. போலீசுக்குப் போகவில்லை. மில்காரர் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் இருக்கும். பிறகு கால்கள் எப்படியோ திரும்பி நடந்தன.

அவர்கள் போய்விட்டிருந்தார்கள். நோட்டை எரித்த சாம்பல் வாசலில் கிடந்தது. சந்துக்காரர்கள் தூரத்தில் நின்றார்கள். ஞானசெல்வி தரையில், மேசைக் காலில் சாய்ந்து கிடந்தார். நெற்றியும் பிளந்திருந்தது. வலது கை கைபோல இல்லை. உடைந்த மானிட்டரிலிருந்து புகை வந்ததால் நான் மெயின் சுவிட்சை நோக்கிப் போனேன்.

“அண்ணாச்சி, சுவிட்ச தொடாதீய.”

அவர் குரலில் வலியே இல்லை. கட்டளைதான் இருந்தது. இடது கையால் பிரிண்டரைக் காட்டினார். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மானிட்டர் வயரை மட்டும் பிடுங்கச் சொன்னார். பிறகுதான் விளக்கினார். கம்ப்யூட்டர் அனுப்பிய எழுத்தெல்லாம் பிரிண்டரின் நினைவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. காகிதத்தை உருவியதால் அது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் இருக்கிறவரைக்கும் உள்ளே இருக்கும். “காயிதத்தப் போடுங்க” என்றார்.

அந்த நாள்களில் ஒரு மணிக்குக் கரண்ட் போகும். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. காகிதத்தின் ஓரத்து ஓட்டைகள் பிரிண்டரின் பற்சக்கரத்தில் உட்காரவில்லை. இரண்டு தடவை கோணிக்கொண்டது. “அவசரப்படாதீய. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணுபோல மாட்டுங்க” என்றார், தரையிலிருந்தபடியே. மாட்டினேன். பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். பிரிண்டர் கிறீச்சிட்டு ஓடத் தொடங்கியது. முதல் பக்கத்தின் பின்பாதி, இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். மாடசாமியின் வார்த்தைகள் ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடங்கி, வரி வரியாக, நான்கு பேரின் செய்கையோடும் மூன்று பேரின் பெயரோடும் வெளியே வந்தன. கடைசி வரி விழுந்த பிறகுதான் ஞானசெல்வி கண்ணை மூடினார்.

ஆட்டோவில் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடசாமி இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கைரேகை இல்லை. பேச்சியம்மாள் அந்தக் காகிதங்களை வாங்கி, எழுத்துத் தெரியாததால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “இதுலயா பேசுதாவ?” என்று கேட்டார். ஆமாம் என்றார், ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஞானசெல்வி.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. நர்ஸ் தைரியமாகச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஞானசெல்வியிடம், கம்ப்யூட்டரை நொறுக்கிவிட்டார்கள், நோட்டை எரித்துவிட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு இந்தப் பக்கங்களை யார் அடித்தது, பேயா என்று கேட்டார். சபை சிரித்தது. செய்து காட்ட அனுமதி கேட்டார் ஞானசெல்வி. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அதே பிரிண்டரையும், இரவல் வாங்கிய ஒரு கம்ப்யூட்டரையும் மேசைமேல் வைத்தோம். நீதிபதி தாமே யோசித்து ஒரு பத்தி சொன்னார். ஞானசெல்வி இடது கையால் அடித்து, அனுப்பி, பாதியில் காகிதத்தை உருவினார். கம்ப்யூட்டரைப் பிரிண்டரோடு இணைத்த கேபிளைப் பிடுங்கி, எதிர்த்தரப்பு வக்கீலின் கையிலேயே கொடுத்தார். புதுக் காகிதம் மாட்டினார். நீதிபதி சொன்ன மீதி வரிகள் அத்தனை பேர் கண் முன்னால் இறங்கின. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே வேறு ஒரு கேள்வியும் வந்தது. தாக்குதல் நடந்தபோது குமாஸ்தா எங்கே இருந்தார் என்று கேட்டார் அந்த வக்கீல். நான் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஞானசெல்வி என் பக்கம் திரும்பாமலே, “பின்வாசல் வழியாப் போனாவ. பொறவு வந்தாவ” என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் நான் ஆள் கூட்டி வரப் போனதாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வக்கீலும் அப்படியே நம்பி, பத்துப் பேரிடம் என்னைப் பாராட்டிச் சொன்னார். நான் திருத்தவில்லை. போன மாதம் அடக்கத்தில்கூட ஒரு பெரியவர், நான் அன்றைக்குச் சமயோசிதமாகப் போகாவிட்டால் ஞானசெல்வி அப்போதே போய்ச் சேர்ந்திருப்பார் என்றார். இல்லை, ஐயா. நான் ஓடினேன். மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பெயர் தெரியாத நான்காவது ஆள்மீது குற்றம் நிரூபணமாகவில்லை. தீர்ப்பு வந்த ஆறாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானசெல்வி கோயிலில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் கடைக்குத் தீ வைத்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் போனபோது கூரைத் தகரம் உள்ளே விழுந்து கிடந்தது. பிரிண்டர் உருகி, மேசையோடு ஒட்டிக் கறுத்திருந்தது. ஞானசெல்வி அதைக் கம்பியால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் மடங்குகிற விரல்கள் இரண்டுதான். “இதுல ஒண்ணும் தேறாது, அண்ணாச்சி” என்றார். அடுத்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் புதுக் கடை திறந்தார். வெட்டுப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள் எத்தனையோ ஊர்களிலிருந்து அங்கே வந்தார்கள். இடது கையால் அடித்தார். ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண் மங்கி, கடையைத் தங்கை மகளிடம் விட்டிருந்தார். அன்றைக்குத்தான் கேட்டேன். நான் ஓடியது தெரிந்தும் கோர்ட்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

“அந்தச் சந்துல எம்புட்டுப் பேரு நின்னாவ, அண்ணாச்சி? யாரு உள்ள வந்தா? நீங்க ஓடுனீய. அது எனக்குக் கோவந்தான். இப்பவும் கோவந்தான். ஆனா அந்தக் காயிதத்த மாட்டுன கை உங்க கைதான. ரெண்டையும் சேத்துத்தான் நான் வச்சிருக்கேன்.”

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போகும்போதே மறந்திருப்பேன். அந்தக் கோபத்தை எனக்கென்று அவர் விட்டுப் போயிருக்கிறார். குறைக்காமல் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.