வேறு கையெழுத்து

"வெள்ளக்கார அம்மாவுக்கே நீ இங்கிலீஷ்ல லெட்டர் எழுதித் தரப் போறியா? இன்னாடி கூத்து இது?" என்று சித்தப்பா சிரித்தார். கரும்பு வெட்டப் போகும் எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்துப் பள்ளியிறுதியான பதினொன்றாம் வகுப்பு முடித்த முதல் ஆள் நான். பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்வராயன் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் பல வருஷமாக வேலை பார்த்த கன்னியாஸ்திரீ, எங்களுக்குச் சிஸ்டர், அயர்லாந்துக்காரர். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டோடு இருந்தார். அவருடைய ஊரில் அப்போது கலவரம். தெருவெல்லாம் பட்டாளம் நிற்பதாக ரேடியோவில் சொன்னார்கள். அங்கே அவருடைய அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள்.

நான் வாசலில் ஏறும்போதே தபால்காரர் ஒரு நீலக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். தபால்காரர் குரலைக் கேட்டு உள்ளிருந்து சிஸ்டர், "அங்கியே படி" என்றார்.

சிஸ்டரின் அம்மா எழுதியிருந்தார். வேலை முடிந்து வரும் வழியில் அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். அடக்கமும் ஆகிவிட்டது. ஒரு தெருவின் பெயர் மட்டும் என் வாயில் நுழையவில்லை. சிஸ்டர் அதைச் சரியாகச் சொன்னார். "எங்க தெரு அது" என்றார். தப்பில்லாமல் படித்தேனா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாவுச் சேதி வந்த கடிதத்தை எங்கள் பக்கம் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. படித்ததும் வெளியிலேயே கிழித்துப் போட்டுவிடுவோம். நான் உள்ளேயும் போகாமல், கிழிக்கவும் முடியாமல் நின்றேன்.

"இன்னாம்மா, கிழிக்கலயா? உங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாதா?"

"உங்க அம்மா எழுதினதுங்க, சிஸ்டர்."

"கிழிச்சிட்டு வந்து உக்காரு. எழுதணும்."

கிழித்தேன்.

மழை பெய்தது, மலையில் சாமை முற்றிவிட்டது, ஆஸ்பத்திரி நாய் குட்டி போட்டது. கடிதத்தில் எழுத இவ்வளவுதான் சொன்னார்.

"அண்ணனப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே?"

"அது அவங்களுக்குத் தெரியும். மழ பேஞ்சதுதான் தெரியாது." பிறகு, "கண்ணப் பத்தி எழுதாத, பயப்படுவாங்க" என்றார். பேனாவுக்குக் கையை நீட்டி, "வேற கையெழுத்தப் பாத்தா நானும் செத்துப் பூட்டேன்னு நெனச்சிக்குவாங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். கோடு தாளைத் தாண்டி மேசைமேல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், கடிதத்தில் மிச்சமிருந்த இடத்தில், அவர் சொல்லாத நாலு வரியை என் இங்கிலீஷில் எழுதினேன். உங்கள் மகள் உயிரோடு இருக்கிறார். கண்ணில் கட்டு, சீக்கிரம் அவிழ்ப்பார்கள். இது எழுதித் தருகிற பெண்ணின் கையெழுத்து. பயப்படாதீர்கள்.

ஒட்டி, வடக்கனந்தல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.