பாதியில் போனவர்களுக்கு விருந்து

வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சியபோது ஆபீஸ்காரர்களுக்கு என்மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வருடம் முழுக்கக் கெஞ்சியும் பழுது பார்க்காத ஏர்கோன் ஓடத் தொடங்கியது. மாணவர் நலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வாரம் தவறாமல் போன் செய்வாள். "ஓகேவா? ஸ்ட்ரெஸ் ஏதும் இருக்கா? நிறுத்திடுற ஐடியா இல்லையே?" சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பல்கலைக்கழகம் மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். நானும் போய்விட்டால் எங்கள் படிப்பில் காட்ட ஒன்றுமே இருக்காது. வகுப்பு நிறைய ஆள் இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் கடைசி ஆளைத் தலையில் வைத்துத் தாங்கினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் படித்தது நிகழ்ச்சி மேலாண்மை. கல்யாணம், கண்காட்சி, கம்பெனி விருந்து என்று நாலு பேரை ஓரிடத்தில் கூட்டி, குறையில்லாமல் அனுப்பி வைக்கும் வித்தை. கூட்டம் கூட்டுகிற படிப்பில் கூட்டமே இல்லை. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஈப்போ டவுனுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில்தான் அந்தத் தனியார் பல்கலைக்கழகம். கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பால்மரங்கள் நின்றன. சிலிபினில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவேன்.

யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒருத்தன் டெலிவரி ஓட்டப் போனான். ஒருத்திக்குக் கல்யாணம் என்று பேஸ்புக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சிலர் ஏன் போனார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்தவள் இன்று இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாகப் போனவள் என் தோழி. பாரிட் புந்தார்க்காரி. சிலிபினில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகை அறையில் இருந்தாள். தினமும் என் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, காதில் விடாமல் பேசிக்கொண்டே வருவாள். அவள் அப்பா வாதம் வந்து படுத்த பிறகு பேச்சு குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இறங்கும்போது, "சரி மச்சி, திங்கக்கிழமை பாக்கலாம்லா" என்றாள். திங்கட்கிழமை அவள் அறை வாசலில் மோட்டாரை அணைக்காமல் நின்றேன். வீட்டுக்காரம்மா வந்து, "அந்தப் பொண்ணு சாமானெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சே, ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாதா! அன்றைக்கு வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு நானும் மேடமும்தான். மேடம் எங்கள் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், தனிக்கட்டை, தொட்டால் சுருங்குகிற மாதிரி இஸ்திரி போட்ட சேலை. பாடத்தை நடத்திவிட்டுப் பழக்கத்தில், "எல்லாருக்கும் விளங்குதா?" என்று கேட்பார். எல்லாரும் நான்தான். தூங்க முடியாது, மட்டம் போட முடியாது, கேள்வி கேட்டால் குனிய முடியாது. கேண்டீனில் போனைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். சிரிப்பு வந்தால் திரும்பிச் சொல்ல ஆளில்லை. மேடமும் இரண்டு மேசை தள்ளி அப்படித்தான் சாப்பிடுவார். சேர்ந்து உட்காரலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது.

கடைசி செமஸ்டரில் ஒரு நிகழ்ச்சியை நாமே நடத்திக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். விருந்தினர் வர வேண்டும், நிகழ்ச்சி நடக்க வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். செயற்குழு அமைப்பது கட்டாயம். தலைவரும் நானே, செயலாளரும் நானே, நாற்காலி துடைப்பவளும் நானே. என்ன நிகழ்ச்சி என்று மேடம் கேட்டபோது, நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

"பாதியில போனவங்களுக்கு ஒரு பிரியாவிடை விருந்து மேடம். முடிச்சவங்களுக்குத்தான் பட்டமளிப்பு இருக்கே. போனவங்களுக்கு யாரும் ஒரு வாய்ச் சோறு போட்டு அனுப்பலையே."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதுதான் பிள்ளை. ஆனா வருவினமா?"

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போட்டேன். எல்லோரும் அந்தக் குழுவில் அப்படியே இருந்தார்கள், பேசுவதுதான் இல்லை. கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன. "ட்ரை பண்றேன்லா." "ஷிஃப்ட் பாத்துட்டுச் சொல்றேன்." கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்கள். தோழி மட்டும், "கண்டிப்பா வாரேன்" என்று எழுதினாள். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: "நேர்ல போயி வாங்கன்னு கூப்பிடாம எவன் வருவான்? விசேஷமா, இல்ல கரண்ட் பில்லா, போன்ல அனுப்பி விடுறதுக்கு?" நான் காதில் வாங்கவில்லை. படிப்பு படித்தவள் அல்லவா.

விருந்தன்று அம்மா செய்து கொடுத்த புளிச்சோறு, கோழிப் பிரட்டல், வடை எல்லாம் சூடாக இருந்தன. மேல்மாடி மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த தட்டோடு நான் நின்றேன். நம் விசேஷத்தில் வருகிறவர்களை வாசலில் நின்று பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்து உள்ளே அழைக்க வேண்டும். அந்த ஒரு முறையை மட்டும் விடக்கூடாது என்று நினைத்தேன். தேர்வாளர் வந்தார், வயதான சீனர். அவருக்குப் பன்னீர் தெளித்தேன். அவருக்குப் பிறகு தெளிக்க ஆளில்லை. படிக்கட்டில் சத்தம் கேட்கும்போதெல்லாம் செம்பைத் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் யாரோ வேறு வகுப்புக்குப் போகிறவர்கள். பன்னீர் வாசம் என் கையிலேயே தங்கிவிட்டது. தேர்வாளர் ஒரு வடையைத் தின்றுவிட்டு, ரொம்ப மரியாதையாக, அடுத்த செமஸ்டரில் மறுபடி செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நானும் போறேன் மேடம்" என்றேன். "எனக்குப் போதும். ஆளே இல்லாத இடத்துல நான் மட்டும் என்ன செய்யப்போறேன்."

மேடத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "போ. எல்லாரும் போனவைதானே. நீயும் போ." பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

மற்றவர்கள் தொலையட்டும், கண்டிப்பாக வருகிறேன் என்றவளை நாலு கேள்வி கேட்காமல் விடக்கூடாது என்று ரயிலேறித் தஞ்சோங் மாலிமுக்குப் போனேன். ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு வந்தாள். மெலிந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்ததும் நான் தொடங்கிவிட்டேன்.

"வரமாட்டேன்னா வரமாட்டேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. எதுக்குடி கண்டிப்பா வாரேன்னு எழுதுன?"

"வந்தேன்."

"யாருகிட்ட கதை விடுற?"

"வந்தேன் மச்சி. சேலை கட்டிக்கிட்டு வந்தேன். கேட்டுல செக்யூரிட்டி தடுத்துட்டான். ஸ்டூடண்டா, ஸ்டூடண்ட் கார்டு மானா, எங்கன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஸ்டூடண்ட்னு சொல்ல முடியுமா? இல்லன்னு சொல்ல வாய் வரல. மாலுலா எனக்கு, வெக்கமாப் போச்சு." தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "அங்க இன்னும் ரெண்டு பேரு நம்ம கிளாஸ் ஆளுங்க மோட்டார்ல நின்னாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்தும் பாக்காத மாதிரி திரும்பிட்டோம். கேட்டுல யாராச்சும் நின்னு வான்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

நான் கொண்டுபோன கோபம் வைக்க இடமில்லாமல் போயிற்று. பன்னீர்ச் செம்போடு நான் மேல்மாடியில் நின்றுகொண்டிருந்தேன், அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒரே ஆள் எத்தனை வாசலில் நிற்பது? எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்க யாரையும் கேட்காமல் நடந்த மண். அதே மண்ணில் இவளுக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியவில்லை. "ஏன்டி என்கிட்ட சொல்லாம போன?" என்று கேட்டேன். "சொன்னா நீ போகாதன்னு சொல்லுவ. நான் இருந்திடுவேன்" என்றாள். இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து அழுதோம். கடைக்காரர் கேட்காமலே டிஷ்யூ கொண்டுவந்து வைத்தார்.

திரும்பி வந்தபோது மேடத்தின் செய்தி இருந்தது. தேர்வாளர் இந்த செமஸ்டரிலேயே இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டாராம். எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "போய்க் கேட்டன்" என்றார், அவ்வளவுதான்.

இந்த முறை அம்மா சொன்னபடி வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் பழைய வகுப்புத் தோழன் பின்பக்கமாக நழுவிப் போவதைப் பார்த்தேன். தட்டை அவன் அம்மாவிடம் நீட்டினேன். எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னேன்: கேட்டுல நான் நிப்பேன்.

நின்றேன். உச்சி வெயிலில், லாரிப் புழுதியில், பாதுகாவலர் விசித்திரமாகப் பார்க்க, கேட்டுக்கு வெளியே பன்னீர்ச் செம்போடு நின்றேன். மண்டபத்தை மேடம் பார்த்துக்கொண்டார். முதலில் தோழி வந்தாள். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் இல்லை, பாதிகூட இல்லை. வந்தவர்கள் தலை குனிந்து வந்து, பன்னீர் பட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலே போய்ப் பழைய இடங்களிலேயே உட்கார்ந்து, கலாய்த்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். தேர்வாளர் கை கொடுத்து, தேறிவிட்டாய் என்றார். பிறகு அவரவர்க்கு ஷிஃப்ட், பஸ், பிள்ளை. தோழியும் ரயிலுக்குக் கிளம்பினாள். இந்த முறை, "போயிட்டு வாரேன் மச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மண்டபத்தில் மேடம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சுக்குக் கேட்டேன்: "அடுத்த செமஸ்டர் உங்களுக்கு எந்தக் கிளாஸ் மேடம்?"

"எனக்கு ஏது கிளாஸ்? கடைசி ஆள் முடிக்கும் மட்டும்தானே என்னை வச்சிருந்தவை. நீ முடிச்சிட்டாய்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேர்வாளர் சொன்னபடியே விட்டிருந்தால் நான் இன்னொரு செமஸ்டர் இருந்திருப்பேன், அவரும் இருந்திருப்பார். அது தெரிந்துதான் போய்க் கேட்டிருக்கிறார்.

"மேடம், நீங்க இன்னும் சாப்பிடலை."

"வீட்டை போய்ச் சாப்பிடுறன் பிள்ளை."

"உக்காருங்க மேடம்."

அடுக்கிய நாற்காலிகளில் இரண்டை எடுத்துப் போட்டேன். இலை விரித்துத் தண்ணீர் தெளித்தேன். புளிச்சோறு ஆறிப்போயிருந்தது, கோழியில் குழம்புதான் மிச்சம். மேடம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து என் இலையிலும் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் சாப்பிடத் தொடங்கினார்.