ராகு காலத்துக்கு முன் ஏற்றிய சாஃப்ட்வேர்

பிள்ளையார்பாளையத்து ஜெயக்குமார் வீட்டில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம். பட்டுப் புடவை டிசைனை அதில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கான அட்டையில் துளை போடக் கொடுப்பது அவர் தொழில். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தலையே போனாலும் ராகு காலத்தில் புதுசாக எதையும் தொடமாட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு புது டிசைன் சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டிருந்தார். முறையாக வாங்கியதல்ல, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க். நெட் அன்றைக்கென்று பார்த்து ஊர்ந்தது. இறங்கி முடிவதற்குள் ராகு காலம் நெருங்கிவிட்டது. அவசர அவசரமாக இன்ஸ்டாலை அழுத்தினார். பொசுக்கென்று சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது. இதில் வைரஸ் இருக்கிறது, திறக்காதே என்றது ஆன்டிவைரஸ்.

"செகப்பா இன்னாமோ வருதுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி துர்காதேவி. "யாரையாச்சும் கேட்டுட்டு நாளைக்குப் போட்டுக்கலாமே."

"அது அப்படித்தான் கத்தும். அத்த அணைச்சிட்டுப் போடச் சொல்லித்தான் அனுப்பினவனே எழுதியிருக்கான். நேரமாவுது, நீ சும்மா இரு."

வீடு புகப் போகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறான், இவரும் கட்டிப்போடுகிறார். என்னத்தைச் சொல்ல. ஆன்டிவைரஸை அணைத்தார், சாஃப்ட்வேரை ஏற்றினார், நல்ல நேரத்துக்குள் முடிந்ததென்று கற்பூரமும் காட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு டிசைனும் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் எவனோ பூட்டுப் போட்டு, பணம் கட்டினால்தான் திறப்பேன் என்று எழுதி வைத்திருந்தான். நகல் எடுத்து வைத்து, செருகியே கிடந்த பென்டிரைவையும் விட்டுவைக்கவில்லை.

போனதில் பிரியதர்ஷினியின் முந்தானை டிசைனும் ஒன்று. அவள் பக்கத்துத் தெரு நெசவாளி சிவபாலனின் மகள். தன் முகூர்த்தப் புடவையின் முந்தானை இப்படித்தான் வர வேண்டுமென்று, சாயங்காலம் தோறும் ஜெயக்குமார் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகச் சொல்லி வரைய வைத்தவள். ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்த சிவபாலன் சொந்தப் பெண்ணுக்கு நெய்வது இதுதான் முதல் தடவை. புடவையின் உடல் முழுக்க நெய்தாகிவிட்டது. முந்தானை அட்டைக்காகத் தறி காத்துக் கிடந்தது. மறுபடி வரைய நாள் இல்லை, கல்யாணம் தலைக்கு மேல் நின்றது.

"கரெண்டு ஏறி இறங்கினதுல எல்லாம் போயிடுச்சுணா," என்றார் ஜெயக்குமார். பொய் தடங்கலில்லாமல் வந்தது.

சிவபாலன் அப்படியே நம்பினார். கரெண்டு ஆபீஸை வாய்க்கு வந்தபடி திட்டினார். சாயங்காலம் ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க ஊட்டு ஃபிரிட்ஜுக்கு வெச்சிருந்தது. நீ வெச்சுக்கபா. என் பொண்ணு ஏதோ ஒரு முந்தானையைக் கட்டிக்குவா. இன்னொருத்தர் ஊட்டுக்கு இப்படி ஆவக்கூடாது பாரு."

துர்காதேவி தலை குனிந்து நின்றாள். அவள் முன்னால் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல ஜெயக்குமாருக்கு நாக்கு எழவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"வேணாம்னு கம்ப்யூட்டரு முன்னாடியே சொல்லிச்சா?"

"சொல்லிச்சுணா."

சிவபாலன் ஸ்டெபிலைசரை மேசைமேல் தள்ளி வைத்தார்.

"தெருவுல கரெண்டுன்னு சொல்லிக்கினுதான் வந்தேன். அப்படியே இருக்கட்டும். உண்மை தெரிஞ்சா உன்கிட்ட யாரு டிசைன் குடுப்பா? பொண்ணுகிட்டயும் கரெண்டுன்னே சொல்லிடறேன். இன்னா சொல்ற?"

வேண்டாம், அவளிடம் நானே வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஜெயக்குமாருக்கே அது தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தார். பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.