துடைத்த பீச்

இன்று மதுரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில், நேற்று மகளோடு வந்து பழம் வாங்கிய கடை முன்னால் நிற்கிறேன். அதைத் தின்ற சற்று நேரத்தில் அவளுக்கு உதடும் கண்ணும் வீங்கி மூச்சு முட்டியது. ஊசி போட்டதும் மூச்சு சீரானது. தின்றது ரோமம் உள்ள பீச்சா, வழுவழுப்பான நெக்டரினா என்று டாக்டர் கேட்கிறார். வழுவழுப்பாகத்தான் நினைவு. கூடையிலோ எல்லாம் ரோமப் பழங்கள்.

“நேத்து வழுவழுன்னு கொடுத்தீங்களே, அந்த ஜாதி எங்கே?”

“எல்லாம் ஒரே கொடைக்கானல் பீச்சுதான் சேச்சி. ரோமத்தப் பாத்தா பூசணம்னு ஆளுங்க வாங்க மாட்டாங்க. அதனால ஈரத்துணியால துடைச்சுதான் வைப்பேன். இன்னிக்கு இப்பதான் தொடங்குறேன், கேட்டோ.”

அப்படியானால் அவள் தின்றது பீச்தான். வீங்க வைத்தது பழமா, துடைத்தும் போகாத ரோமமா? டாக்டரிடம் என்ன சொல்வேன்?

“மோளுக்குப் பிடிச்சுதா?” கடைக்காரர் சிரித்தபடி துணியை எடுக்கிறார்.

மிகவும் பிடித்திருந்தது. இன்னொன்று கேட்டாள், வீக்கம் தெரியும்வரை நானே எடுத்துக் கொடுக்கத்தான் போனேன்.

“துடைக்காதீங்க! ரோமம் இருக்குன்னு தின்னுறவங்களுக்குத் தெரியணும்!” என்று அவர் கையைப் பிடித்துவிடுகிறேன். தெருவே திரும்பிப் பார்க்கிறது.