கூடைக்குத்தான் காசு

ஓலைக்கூடையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சந்தையில் யாராவது கூடையைத் தூக்கிக் காட்டி "வேணுமா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். கூடை என்ன பாவம் செய்தது என்று வீட்டில் கேலி செய்வார்கள். கூடை ஒரு பாவமும் செய்யவில்லை. பாவம் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோழி வியாபாரி. மற்றவனைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கிழக்கிலங்கையில் எங்கள் கரையோரத்தைப் புரட்டிப்போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு, நற்பிட்டிமுனையில் மனைவியின் வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை போய் இருப்பவன். மனைவிக்குச் சீதனமாக வந்த வயல் இறக்காமத்துப் பக்கம், குளத்துக்குக் கீழே இருந்தது. வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். பெரும்போகம் தொடங்கியதும் வட்டையில் வாடி என்கிற ஓலைக்குடிசை ஒன்று போட்டுக் காவலுக்கு ஆள் வைப்போம். சனி ஞாயிறில் நானும் போய்த் தங்குவேன். வெள்ளாமை வெட்டி, சூடு வைத்த கதிரை அடித்து, நெல் வீட்டுக்கு வந்ததும் வாடியைப் பிரித்துப்போட்டு எல்லாரும் கரைக்குத் திரும்பிவிடுவோம்.

அந்தப் போகத்தில் பன்றிகள் வரம்பை எல்லாம் கிண்டி எறிந்துகொண்டிருந்தன. நாய் ஒன்று இல்லாமல் சமாளிக்க முடியாது என்று காவல்காரர் சொல்லிவிட்டார். நாங்கள் முஸ்லிம்கள்; நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண்ணோடு கழுவ வேண்டும். ஆகவே எங்கள் வீடுகளுக்குள் நாய் இல்லை. ஆனால் வயல் காவலுக்கு நாய் வளர்க்க மார்க்கத்தில் தடை கிடையாது. அதனால் குட்டி தேடிப் புறப்பட்டேன்.

கல்முனையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர், தனியாள். அல்சேஷனும் ஊர் நாயும் கலந்த இரண்டு பெட்டை நாய்கள் அவரிடம் இருந்தன. அவற்றின் குட்டிகள் காவலுக்குப் பேர்போனவை. நான் போனபோது தாய் நாய் மாமர நிழலில் படுத்திருந்தது. ஆறு குட்டிகள் அதன் மேல் ஏறி விழுந்துகொண்டிருந்தன. டீச்சர் தாயைக் காட்டினார், அதன் பல்லைக் காட்டினார், குட்டிகளின் வயிற்றைத் தடவிக் காட்டினார். இரண்டு மாதம் ஆகாமல் ஒரு குட்டியும் படலையைத் தாண்டாது என்றார். இரண்டு வயதுக்கு முன் எந்தப் பெட்டையையும் குட்டி போட விடமாட்டாராம். ஒரு தடவை போட்டால் அடுத்த வருடம் ஓய்வாம். கொடுத்த குட்டியைப் பார்க்கக் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார் என்று ஊரில் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. நாய்க்கு இவ்வளவு சம்பிரதாயமா?

பிறகு கேட்டார்:

"வெள்ளாமை வெட்டினாப் பிறகு நாய் எங்க தம்பி இருக்கும்?"

"வட்டையிலதான் டீச்சர்."

"அங்க ஆர் இருப்பாங்க?"

"ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க. நாங்க எல்லாம் வந்திருவோமே."

"அப்ப நாய் எங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாங்க நாயை வீட்டுக்குள்ள எடுக்கிறல்ல எண்டு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியும். இவ்வளவு காலம் உங்கட ஆக்களுக்கு நடுவுலதானே இருக்கிறன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

 சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்குகிறவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார், அதுவும் என் மார்க்கத்தைத் தொட்டுக் கேட்கிறார் என்று வழியெல்லாம் புகைந்தேன். வீட்டில் மனைவியிடம் சொல்லும்போது கேள்வியை இன்னும் கொஞ்சம் காரமாக்கிச் சொன்னேன். அவளும் கோபப்பட்டாள்.

அடுத்த சந்தை நாளில் கோழி வியாபாரியைப் பிடித்தேன். எங்கள் ஊர்க்காரர்தான், என்னைவிட மூத்தவர்; அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவேன். சைக்கிளின் பின்னால் கோழிக்கூடு. அதற்குப் பக்கத்தில் மரப்பெட்டியில் நாய்க்குட்டிகள். கை படாமல் இருக்கச் சாக்குத் துண்டால் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"அல்சேஷன் மாஸ்டர். அசல்."

கடுவன் குட்டிகளை எல்லாம் ஆட்கள் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்டை ஒன்று மட்டும் மிச்சம். கறுப்பு நிறம், இடது காதின் நுனி மட்டும் வெள்ளை.

"என்ன விலை காக்கா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! நாய் விக்கிறது ஹராம் மாஸ்டர். நாய்க்கு விலையில்ல. இந்தா, இந்தக் கூடைக்குத்தான் காசு. குட்டி சும்மா."

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். இவரோ நாயே விற்கவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் எனக்கும் அது வசதியாகவே இருந்தது. நாயை வாங்குகிறவனுக்கும் பாவம் என்று கேட்டிருந்தேன். கூடை வாங்கினால் யார் என்ன சொல்ல முடியும்? அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனிதர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

குட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வயிறு ஊதியிருந்தது, கால் நடுங்கியது. வாடியில் மூன்றாம் நாள் வயிற்றால் போகத் தொடங்கியது. அடுத்த சந்தையில் வியாபாரியிடம் போய்க் கத்தினேன்.

"கூடைக்கு ஏதும் பழுதா மாஸ்டர்?" என்று கேட்டார்.

"கூடையில்ல காக்கா, குட்டி!"

"குட்டிக்கு நான் காசு வாங்கல்லயே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சைக்கிளைத் தூக்கி வாய்க்காலில் போட வேண்டும் போலிருந்தது. பால் மறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்குவான், நோயைக் கூடையில் போட்டுக் கொடுப்பான், கேட்டால் மார்க்கத்தை எடுத்துக் குடை பிடிப்பான். மார்க்கம் அதற்கா இருக்கிறது? வாயில்லா ஜீவனைப் பற்றி அல்லாஹ் கேட்பான் என்றுதானே ஜும்ஆவில் சொல்கிறார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

காவல்காரர் கஞ்சித் தண்ணீர் பருக்கி அதைப் பிழைக்க வைத்தார். தை மாதம் ஆகும்போது அது கால் நீண்டு வளர்ந்து துள்ளியது. பன்றி வரம்புக்கு வரும் முன்பே குரைக்கும். நான் பஸ்ஸால் இறங்கி வாய்க்கால் கட்டில் நின்று சீழ்க்கை அடித்தால், எங்கிருந்தாலும் பறந்து வந்து நான் உடுத்த சாரத்தில் படாமல் என்னைச் சுற்றி ஓடும். படக்கூடாது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் தடியால் தட்டித் தட்டித்தான் பழக்கியிருப்பேன்.

அந்த வருடம் எங்கள் நெல் தப்பியது. பங்குனியில் நெல் மூட்டைகளை டிராக்டர் மெசின் பெட்டியில் ஏற்றினோம். குளத்தில் தண்ணீர் குறைவு, சிறுபோகம் இல்லை என்று முடிவாகியிருந்தது. இனி ஐப்பசியில்தான் வட்டைப் பக்கம் வருவோம். நாய் மெசினுக்குப் பின்னால் ஓடி வந்தது. குளக்கட்டு வரை வந்தது. அதற்கு மேலும் வந்துவிடும் என்று பயந்து நான்தான் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது நின்றுவிட்டது. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஒவ்வொரு போகத்துக்கும் புதுக் குட்டி. பழையது தன்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் சொல்லுவோம்.

வீட்டில், குட்டி வந்த ஓலைக்கூடை குசினியில் தொங்கிக்கொண்டிருந்தது. போகத் தொடக்கத்தில் நான் வட்டையிலிருந்து கொண்டு வந்து போட்டதை மனைவி ஏழு தரம் கழுவி, வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். நல்ல கூடைதான். அந்த வருடம் முழுக்க அதிலிருந்துதான் வெங்காயம் எடுத்தோம்.

ஐப்பசி வந்தது. மறுபடியும் குட்டி வேண்டும். டீச்சரிடம் போக வீம்பு விடவில்லை. சந்தைக்குப் போனேன். அதே சைக்கிள், அதே மரப்பெட்டி. ஐந்து குட்டிகள். கடைசியில் இருந்த குட்டி கறுப்பு. இடது காதின் நுனி வெள்ளை.

நான் பெட்டிக்கு மேல் குனிந்தேன். "இதுட தாய் எங்க காக்கா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும்.

"இறக்காமத்து வட்டையில கிடக்கு மாஸ்டர். எவனோ ஈவிரக்கமில்லாத ஒருத்தன் விட்டிட்டுப் போயிட்டான். அதுவே ஒரு குட்டி, ஒரு வயசு வராது. வாடி இரிந்த இடத்தை விட்டு அசையுதில்ல. அந்தப் பக்கம் கோழி வாங்கப் போகக்குள்ள நான்தான் கருவாட்டுத் தலை போட்டிட்டு வருவன். அங்கேயே குட்டி போட்டிரிக்கி." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவன அல்லாஹ் கேக்காம விடுவானா மாஸ்டர்?"

நான் ஒரு வருடமாக மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்த மனிதர். பால் மறக்காத குட்டிகளை இந்தத் தடவையும் பிடுங்கிக்கொண்டுதான் வந்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் என் நாய்க்குத் தீன் போட்டவர் அவர். என்னை ஏசுகிற உரிமை அவருக்கு இருந்தது. நான்தான் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கக்கேடு என்றால் அதுதான்.

கறுப்புக் குட்டியைக் காட்டி, "இதுக்கு எவ்வளவு?" என்றேன்.

"கூடைக்கு..."

"கூடை வேணாம். காசு நாய்க்கு."

அவர் பதறிப்போனார். "நாய்க்கெண்டா நான் வாங்க மாட்டன் மாஸ்டர், ஹராம்."

நான் பெட்டிக்குள் கையைவிட்டுக் குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளைச் சட்டை, சந்தைக் கூட்டம், பள்ளிக்கூட மாஸ்டர். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏழு தரம் கழுவினால் போகிற அழுக்குத்தான் அது.

அன்றே பஸ் ஏறி இறக்காமத்துக்குப் போனேன். வாய்க்கால் கட்டில் நின்று சீழ்க்கை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. வாடி இருந்த மேட்டுக்குப் போனேன். அங்கே கிடந்தது. எலும்பும் தோலும், முதுகில் சொறி, பால் வற்றிய மடி தொங்கியது. என்னைக் கண்டதும் எழுந்து பின்வாங்கி உறுமியது. என் கையைத்தான் பார்த்தது, மண்ணாங்கட்டியைத் தேடியிருக்கும். நான் குட்டியைத் தரையில் விட்டேன். என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய் அதை நக்கத் தொடங்கியது. நான் வரம்பில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வயல்காரர்கள் பார்த்தால் என்ன என்றும் தோன்றவில்லை.

இரண்டையும் கூட்டி வர இரண்டு நாள் பிடித்தது. வீட்டு வளவின் பின் வேலிக்கு வெளியே கிடுகால் ஒரு கொட்டில் போட்டேன். மனைவி வந்து பார்த்தாள். "வேலிக்கு அங்கால எண்டா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் போய் ஒரு பழைய சட்டியில் சோற்றைக் கொட்டி வைத்தாள்.

சொறிக்கு மருந்து கேட்க டீச்சரிடம் போகாமல் முடியவில்லை. நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாயின் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். "முதல் பருவத்திலேயே விட்டிருக்கிறாங்க" என்று முணுமுணுத்தார். கந்தகமும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவிவிட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"இனி எங்க தம்பி வைக்கப் போறீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "வளவுக்குப் பின்னால, வேலிக்கு வெளிய கொட்டில் போட்டிரிக்கன் டீச்சர். வெள்ளாமை வெட்டினாலும் அங்கதான் வரும். வீட்டுக்குள்ள எடுக்க ஏலா."

"உள்ள வையுங்க எண்டு நான் எப்ப கேட்டனான்? எங்க எண்டுதானே கேட்டனான். இதைப் போன வருசம் சொல்லியிருந்தா அண்டைக்கே ஒரு குட்டி தந்திருப்பனே."

 நாய்க்குட்டி கொடுக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியைத்தான் அவர் கேட்டிருந்தார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பியவன் நான்.

டீச்சர் குட்டியையும் தூக்கிப் பார்த்தார். "இதோட சேத்துப் பிறந்தது எத்தனை?" என்றார்.

"அஞ்சு."

"மற்ற நாலும் எங்க?"

அன்று சந்தையில், பெட்டிக்குப் பக்கத்தில் நான்கு கூடைகள் அடுக்கி இருந்தன. அவை யாருடைய கையில், எந்த வட்டைக்குப் போகின்றன என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.