வீட்டில் எத்தனை பேர்?

அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதித் தரும் தொழிலுக்குக் காது நன்றாக இருந்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள்.

ஆற்றோரக் குடும்பங்களை வெள்ளமும் இடமாற்றமும் என்ன செய்தன என்று நம்மூர்க்காரர்களும் நார்வேக்காரர்களும் சேர்ந்து ஆராய்கிறார்கள். பேட்டி எடுப்பது செல்வி. மயிலாப்பூர் மாடியறையில் இரவெல்லாம் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது நான். எனக்கு ஆங்கிலம் தானாக வந்தது, தூக்கம் தானாகப் போனது. கண் விழித்துப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்குப் புரியும்.

நாலாவது தட்டு

அடையாற்றங்கரைப் பேட்டி. வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு ஓர் அம்மா “நாலு” என்கிறார். செல்வியின் படிவத்தில் மூன்று. அவளுக்குப் போன் போட்டேன்.

“நாலாவது அவங்க பையன், அண்ணா. வெள்ளத்துல போனவன், உடம்பு கெடைக்கல. நான் எண்ணுனேன், மூணு பேருதான். ஆனா தட்டு நாலு வெச்சாங்க.”

அழிக்கும் வேலை

பேட்டியில் வரும் பெயர்களை எடுத்துவிட வேண்டும், படிவத்தில் உள்ளவர்கள் பெயர் மட்டும் தனிப் பட்டியலில் பூட்டியிருக்கும் என்பது விதி. அந்த அம்மா மகன் பெயரைச் சொல்லச் சொல்ல, அழித்துக்கொண்டே வந்தேன். பதினோராவது தடவை அழித்தபோது பேச்சு நின்றது. பிறகு மைக்குக்கு வெகு அருகில் அந்தக் குரல்:

“இத்த கேட்டுக்கினு கீற நைனா, எம்புள்ள பேர அழிச்சிடாத.”

மூன்றாவது குரல்

அடுத்த வருஷம் கரை வீடுகளை இடித்து, அவர்களைப் பெருங்குடி தாண்டிக் குடியேற்றிவிட்டார்கள். அதே குடும்பம், அதே கேள்வி, அதே “நாலு”. செல்வியும் அந்த அம்மாவும் மட்டுமே பேசிய பதிவில், குரல்களைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் அந்தப் பதிலுக்கு முன்னால் ‘பேச்சாளர் 3’ என்று ஒரு வெற்று வரி போட்டிருந்தது. பத்து முறை கேட்டேன். மின்விசிறிச் சத்தம்தான். நார்வே ஆய்வாளர் இங்க்ரிட் வீடியோவில் வந்தார். கணக்கு நேராகாவிட்டால் அந்தக் குடும்பத்தையே ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

“அந்த மூன்றாவது குரலுக்குரிய ஆளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினீர்களா?”

கையெழுத்து

‘மூன்று’ என்று சொல்லிவிடுங்கள் எனக் கேட்கத்தான் செல்வியோடு போனேன். வாய் திறந்ததும் அந்த அம்மா என் குரலையே கவனித்தார். பிறகு செல்வியிடமிருந்த ஒப்புதல் படிவத்தில் மகன் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுத வைத்து, அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

“பழைய ஊட்டாண்ட வந்து தேடுனா அவனுக்கு யாரு வழி சொல்லுவா? அவன் பேரும் இந்த ஊட்டு நம்பரும் ஒண்ணா கீறது உங்க கடுதாசியிலதான். வெச்சிட்டுப் போ நைனா, வந்து கையெழுத்து போடுவான்.”

அன்றிரவு, பெயர்களைப் பூட்டி வைக்கும் பட்டியலில் அவன் பெயரையும் புது வீட்டு எண்ணையும் சேர்த்து, ‘நாலாவது நபர் வெளியே போயிருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கப்படும்’ என்று குறிப்பு எழுதினேன்; இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் நார்வே திருத்தாமல் ஏற்றுக்கொண்ட ஒரே வரி அதுதான்.