பாலைவனத்தில் ஒரு செத்தவீடு

அந்தக் கடைப் பெயர்ப்பலகையின் பாதி எழுத்துகள் வெயிலில் எப்போதோ வெளிறிப் போயிருந்தன. அரிசோனாப் பாலைவனத்தில், ஒரு காலத்தில் நாடே பயணம் செய்த பழைய நெடுஞ்சாலையோரம் அது நின்றது. பக்கத்தில் அகலமான புதிய சாலை வந்ததும் வாகனங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. மிஞ்சியது ஒரு பெற்றோல் பம்பும் கோப்பிக் கடையும் அவற்றை நடத்திய வயதான தம்பதியும்தான். நானும் அண்ணையும் ரொறன்ரோவிலிருந்து ஒரே லொறியை மாறி மாறி ஓட்டிய காலம். கூடப் பிறந்தவர் அல்ல. ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தவர்.

பழைய சாலையால் போவது வீண் சுற்று என்று நான் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பேன். அண்ணை கேட்கமாட்டார். எங்கள் மீன்குழம்புச் சோற்றை முகம் சுளிக்காமல் சூடாக்கித் தந்த ஒரே கடைக்காரி அந்த அம்மாதான். பதிலுக்கு அண்ணை வீட்டுப் பயற்றம் பணியாரம் கொண்டுபோவார். அதைக் கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்ட மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருமுறை போனபோது கிழவர் மட்டும் இருந்தார். மனைவி போன மாதம் இறந்துவிட்டதாகச் சொன்னார். அண்ணை பணியாரப் பையை என்னிடம் தந்து லொறியில் வைக்கச் சொன்னார். துக்க வீட்டுக்கு இனிப்பா? பிறகு கிழவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கேட்க ஆளில்லாமல் இருந்த அந்த மனிதர் தானாகவே மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அண்ணைக்கு அந்த ஆங்கிலத்தில் பாதி விளங்கியிருக்காது. ஆனாலும் அவருடைய கண்தான் முதலில் கலங்கியது.

நேரமானதும் அண்ணை எழும்பி, ஒரு சொல் சொல்லாமல் வெளியே நடந்தார். நானும் பின்னால் போனேன். லொறியில் ஏறும்போது கிழவர் தள்ளாடியபடி வந்தார். முகம் வாடியிருந்தது.

“நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா? சொல்லாமலே போகிறீர்களே.”

அண்ணை பதறிப்போனார். “ஐயோ, செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டு சொல்லக்கூடாது. வடிவா விளங்கப்படுத்தடாப்பா, மனுசன் பிழையா நினைக்கப்போறார்.”

இப்படியொரு காரியத்துக்கு அந்த வீட்டுக்கு மறுபடி வரக்கூடாது என்றுதான் எங்கள் ஆட்கள் விடைபெறாமல் போவார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

இன்று அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறது. அண்ணையும் ஓட்டுவதை விட்டுவிட்டு மில்லிக்கனில் மகளோடு இருக்கிறார். புதிய சாலையில் தனியாகப் போகும்போதெல்லாம் கிழவர் அன்று நின்ற நிலை என் கண்ணில் வருகிறது. நான் சொன்னதைக் கேட்டு அண்ணையையே பார்த்தபடி நின்றார். வழியனுப்பக் கையை உயர்த்தினார், பாதியில் இறக்கிக்கொண்டார். பிறகு எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பி உள்ளே போனார்.